பொய் அட்டையின் எண்

"வீட்டைத் தாண்டாத என் செயலி வெளியில விற்பனைக்கு வந்துடுச்சு, சார்." துப்பறிபவரிடமும் அவருடைய உதவியாளனிடமும் முறையிட்டாள் அந்தப் பெண் நிரலாளர்.

கடைகள் இணையத்தில் பணம் பெற உதவும் செயலி அது. இன்னும் சோதனையில்தான் இருந்தது. அண்ணன் வீட்டு மாடியறையில், அவளுடைய கணினிக்குள் மட்டுமே ஓடியது. நிஜ வங்கிக்குப் பதிலாக அவளே ஒரு பொய் வங்கியை எழுதியிருந்தாள். அவள் இட்டுக்கட்டிய ஒரேயொரு அட்டை எண்ணைத்தான் அது ஏற்கும். இப்போது போட்டி நிறுவனம் ஒன்று அதே செயலியை, அவளுடைய எழுத்துப்பிழைகளோடு வெளியிட்டிருந்தது.

"அறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?" துப்பறிபவர் நிதானமாகக் கேட்டார்.

"செயலிக்குப் படம் வரைஞ்சு கொடுக்கிற தோழிகிட்ட. அப்புறம் அண்ணன்கிட்ட. ஆனா அவனுக்குக் கம்ப்யூட்டரே ஆகாது."

"அப்போ தோழிதான்!" உதவியாளன் துள்ளினான். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மறுநாள் துப்பறிபவர் தோழியையும் அண்ணனையும் மாடியறைக்கு வரவழைத்தார். அந்தச் செயலி ஓடிப் பார்த்ததே இல்லை என்று இருவருமே சாதித்தார்கள்.

"அப்படின்னா ஆளுக்கொரு தடவை பணம் கட்டிப் பாருங்க," என்றார் துப்பறிபவர்.

'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை திரையில் வந்ததும் தோழி கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ, எதையாவது கெடுத்துட்டேனா?" தைரியம் சொன்னபிறகு, கைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்து எண்ணை அடித்தாள். செயலி மறுத்துவிட்டது.

அண்ணன் எச்சரிக்கையைத் தட்டித் தாண்டினான். மளமளவென்று எண்ணை அடித்தான். 'பணம் வந்து சேர்ந்தது' என்றது திரை.

"எச்சரிக்கையை அவர் படிக்கவே இல்லை!" என்றான் உதவியாளன்.

"அதை விடு, நானும்தான் படிக்க மாட்டேன். அவர் பர்ஸையே வெளியே எடுக்கலையே, அந்தப் பொய் அட்டை எண் எங்கிருந்து வந்துச்சு? வாங்கினவங்களுக்கு ஓட்டிக் காட்டிக் காட்டி விரல் பழகிடுச்சு."

"நான் எப்பவாவது வாய்தவறிச் சொல்லியிருப்பேன், சார்..." என்று அண்ணனுக்காகப் பரிந்தாள் நிரலாளர்.

"சொன்னீங்களாம்மா?"

அவள் தலைகுனிந்தாள். சொன்னதில்லை.

அண்ணன் திரையைப் பார்த்தபடியே பேசினான். "உனக்கு விக்கிற சாமர்த்தியம் கிடையாதும்மா. கேட்டிருந்தா உனக்கும் ஒரு பங்கு கொடுத்திருப்பேன்."

"நீ கேட்டிருந்தா முழுசையும் கொடுத்திருப்பேனே, அண்ணா."

அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் கணினியின் கம்பிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். அதைத் தூக்கும்போது தோழி வந்து மறுபக்கத்தைப் பிடித்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க நிரலாளருக்குத் துணிவில்லை.