ஏழாம் கட்டில் அம்மா

டெலிபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.

ஏழாம் கட்டிலில் பிணம் கிடந்தது!

ஹன்னா பையைத் தரையில் வைத்தாள். குவைத்தில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவள். கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் விமானம் ஏறிய இந்த 2001-ல் அவளுக்கு வேறு வேலை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காக, அவர்கள் பெற்றோரை விட்டிருக்கும் இல்லங்களைச் சோதித்து ரிப்போர்ட் எழுத வேண்டும்.

திருப்பதி–சித்தூர் சாலையிலிருந்த இந்த மறதி நோயாளிகள் இல்லத்துக்கு அவளை அனுப்பியவன் டெக்ஸாஸ் சிரஞ்சீவி. அவன் அம்மா பெயர் செல்லியம்மா.

அந்த அம்மா செத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"ஹார்ட்டு மேடம்..." என்றார் உரிமையாளர் புருஷோத்தமன். "தூக்கத்துலயே போயிட்டாங்க."

பணிப்பெண் மணியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"தூக்கம் இன்னா தூக்கம்... காலையில மேலெல்லாம் சில்லுனு வேர்த்து, நடுங்கிக்கினு கெடந்தாங்க. ரெண்டு நாளா சரியா துன்னவும் இல்ல."

"மாத்திரை குடுத்தியா?" என்றாள் ஹன்னா.

"ஃபைல்ல இருக்கறபடி குடுத்தேம்மா. போன வாரம் சுகர் மாத்திரைய ரெண்டா குடுக்கச் சொன்னாரு சாரு. மவன் அமெரிக்காவுல டாக்டரைக் கேட்டுச் சொன்னாராம்."

"ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா?"

"நான் வந்து மூணு மாசம். ஒரு தரங்கூட பண்ணல."

வேர்வை... நடுக்கம்... பட்டினி...

ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது. ஒரு கரண்டி சர்க்கரைத் தண்ணீரில் பிழைத்திருப்பாள்.

அடித்து நின்றிருந்த டெலிபோன் மறுபடி அடித்தது. ஹன்னா எடுத்தாள்.

"சிரஞ்சீவி பேசறேன். அங்க ஞாயித்துக்கிழமையாச்சே... அம்மாகிட்ட குடுங்க."

சொன்னாள்.



"போன வாரங்கூட 'நைனா, துன்னியா'ன்னு கேட்டுச்சே..." குரல் உடைந்தது. "மேடம், அதோட எடது கையைக் கொஞ்சம் புடிச்சுக்கினு இருங்க. எங்க ஊரு குடிபாலாவுல கரும்பு ஆட்டறப்போ ரெண்டு விரல் போன கை. அந்தக் கையாலதான் என்னைப் படிக்க வெச்சுச்சு."

ஹன்னா ரிசீவரை மேஜையில் வைத்தாள். கட்டிலருகே போனாள். போர்வையை விலக்கி இடது கையைப் பிடித்தாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து.

வலது கையிலும் ஐந்து.

"யாரு இவங்க?"

புருஷோத்தமன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"செல்லியம்மா நாலு மாசம் முந்தி, கேட் தொறந்திருந்தப்போ வெளிய போயிட்டாங்க. லாரி அடிச்சிடுச்சு. மார்ச்சுவரியில காட்டினாங்க... தெரியாதுன்னுட்டேன். அநாதைப் பொணமா பொதைச்சிட்டாங்க. இல்லத்தை மூடிடுவாங்கன்னு பயம் மேடம்."

"இவங்க?"

"திருப்பதி பஸ் ஸ்டாண்டு. சாமி கும்புட இட்டாந்து, யாரோ வுட்டுட்டுப் போயிட்டாங்க. பேர் தெரியாது. யார் பேசினாலும் பெத்த புள்ளையைக் கூப்புடற மாதிரி நைனான்னுவாங்க. அதான் செல்லியம்மான்னு சொல்லி போன்ல பேச வெச்சேன்..."

"செல்லியம்மாவுக்கு சுகர். இவங்களுக்கு?"

அவர் தலை குனிந்தார்.

இல்லாத நோய்க்கு நாலு மாதமாக மாத்திரை!

ஹன்னா கட்டிலில் உட்கார்ந்தாள். பெயர் தெரியாத அந்த அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்து, கலைந்த முடியைக் கோதிவிட்டாள். கூட்டி வந்தவர்கள் விட்டுப் போய்விட்டார்கள், பிள்ளைகள் தேடி வரப்போவதுமில்லை... இவளுக்காக அழ மணியம்மா ஒருத்திதான்.

"ஹலோ... மேடம்... புடிச்சீங்களா?"

ரிசீவரை எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"இல்ல... இருக்காது..." என்றான் சிரஞ்சீவி. "வாரா வாரம் பேசினேனே மேடம். எங்கம்மா குரல் எனக்குத் தெரியாதா?"

அவன் விசும்பல் நெடுநேரம் கேட்டது. பிறகு லைன் அறுந்தது. ஹன்னா போலீஸுக்குப் போன் செய்தாள்.

பதினொரு மணிக்கு எஸ்.ஐ. நாகேந்திரன் வந்தார். புருஷோத்தமனை ஜீப்பில் ஏற்றிவிட்டு, நோட்டைத் திறந்தார்.

"மறதி நோயாளிங்க மொத்தம் எத்தினி பேரும்மா?"

"இங்க பதினேழு," என்றாள் ஹன்னா. "டெக்ஸாஸ்ல ஒண்ணு."