துயில்மானி சொன்ன எண்

காலை பதினொரு மணிக்கு, இணைத்தகுதி வாரியத்தின் துயில்கூடத்தில் செலஸ்டின் கண்ணை மூடினாள். ஆறாவது நிமிடம், கனவை அளக்கும் துயில்மானியின் திரையில் அவளுடைய கனவு மெல்லப் படர்ந்தது. முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஒரு பிரசவ அறை. கட்டிலுக்கடியில் சிறுமீன்கள் நீந்தின. வலியில் முனகும் பெண்ணின் வயிற்றைத் தடவி, உள்ளே குறுக்கே கிடந்த குழந்தையை அவசரமில்லாமல் திருப்பிக்கொண்டிருந்தாள் செலஸ்டின்.

தூத்துக்குடியிலிருந்து போய் அவள் மருத்துவம் படித்த தீவு, பல்கலைக்கழகத்தோடு கடலுக்குள் போய்விட்டது. விசாரிக்க அங்கே ஆளில்லை. சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளும் காலம் என்பதால், வெளிநாட்டில் படித்து வந்தவர்களை வாரியம் தூங்கவைத்தே அளந்தது. மனப்பாடம் செய்தது கனவில் கரைந்துவிடும். கையில் இறங்கிய படிப்பு மட்டும் தங்கும். நம் ஊர்ப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்ல துயில்மானியில் எழுபது வேண்டும்.

செலஸ்டினுக்கு அறுபத்து மூன்று.

"ஏழு குறையுதும்மா," என்றாள் தர நிர்ணய அதிகாரி அங்கயற்கண்ணி. அவளும் ஒரு காலத்தில் பிரசவம் பார்த்த டாக்டர்தான். "விதி அப்படி."

செலஸ்டின் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இங்கன படிச்சவங்க எவ்வளவு எடுப்பாங்க மேடம்? யாரையாவது படுக்க வச்சுப் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. எழுபது என்பது, ஒரு கூட்டத்தில் தேநீர் வருவதற்குள் எல்லோரும் தலையாட்டி முடித்த எண்.

செலஸ்டின் போனபின் அங்கயற்கண்ணி கதவைச் சாத்திவிட்டு, அந்த மெத்தையில் தானே படுத்தாள். தூக்கம் இதமாக வந்து மூடியது. முடிவில்லாத ஒரு தாழ்வாரம். எங்கோ ஒரு பெண் "டாக்டர், டாக்டர்" என்று கூப்பிடுகிறாள். அங்கயற்கண்ணி ஓடுகிறாள், கையிலிருந்த புத்தகத்தை விரித்தால், எழுத்துகள் ஈசல்களாகப் பறந்துபோகின்றன.

விழித்தபோது திரையில் நாற்பத்தொன்று இருந்தது.

பிறகு உள்ளூரில் படித்த நூறு டாக்டர்களைத் தூங்கவைத்து அளந்தாள். சராசரி முப்பத்தெட்டு.

"இது வெளியில போகக் கூடாது," என்றார் வாரியத் தலைவர் சாமிக்கண்ணு. "வர்றவங்களுக்கு எழுபதே இருக்கட்டும். நம்மாளுங்கள எதுக்கு அளக்கணும்?"

"சமம்னு முத்திரை குத்துறோமே சார். எதுக்குச் சமம்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

தலைவர் சொன்னதை மீறி, அங்கயற்கண்ணி அளவுகோலை முப்பத்தெட்டாகத் திருத்திக் கையெழுத்திட்டாள். தன் பெயரையும் சேர்த்து, எல்லோருடைய எண்ணையும் வெளியிட்டாள். செலஸ்டினுக்கு உரிமம் கிடைத்தது.

மூன்றே மாதத்தில் ஊர் மாறிப்போனது. டாக்டர் நாடி பிடிக்குமுன் நோயாளி எண் கேட்டார். தலைவலிக்கு வந்தவர்கூடக் கேட்டார். சொல்ல மறுத்தவர்களின் அறைகள் காலியாகக் கிடந்தன. அங்கயற்கண்ணி நியாயம் செய்துவிட்ட நிம்மதியோடு இருந்தாள், தன் மகள் தமயந்திக்கு இடுப்புவலி எடுக்கும்வரை.

குழந்தை குறுக்கே கிடந்தது. அங்கயற்கண்ணி கைகழுவிக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

தமயந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தாள். "அம்மா, நீ வேணாம். கோச்சுக்காத. நீ நாப்பத்தொண்ணு. செலஸ்டினக் கூப்பிடு."

அங்கயற்கண்ணியின் கையிலிருந்து ஈரம் சொட்டியது. வெளியே போய், செலஸ்டினைக் கூப்பிட்டாள்.