இரும்பில் முளைப்பது

தாழ்ப்பாள் கையில் தட்டுப்பட்டது, கண்ணில்தான் படவில்லை. வேலை முடிந்து வந்து குளியலறைக் கதவைச் சாத்தியவள் இரண்டு முறை தடவிப் பார்த்தாள். இருந்தது. ஆனால் அது இருந்த இடத்தில், கத்தரித்து எடுத்ததுபோல் தாழ்ப்பாள் வடிவத்தில் ஒரு கறுப்பு. விளக்கு நேர் மேலே எரிந்தும் அதில் மினுக்கம் இல்லை, மேடு பள்ளம் இல்லை.

அந்தக் கறுப்பு அவளுக்குப் புதிதல்ல. அவள் பிழைப்பே அதுதான். தொலைநோக்கிக்குள் துளி வெளிச்சமும் சிதறாமலிருக்கப் பூசுவது. சூடான உலைக்குள் வாயுவைச் செலுத்தினால், தகட்டில் தூவிய இரும்புத் துகள் ஒவ்வொன்றிலும் தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய் நெட்டுக்குத்தாக முளைக்கும். அந்தக் காட்டுக்குள் நுழைந்த வெளிச்சம் முட்டி மோதி அங்கேயே செத்துப்போகும். இரும்பு இல்லாத இடத்தில் ஒன்றும் முளைக்காது. உலை இல்லாமலும் முளைக்காது. அப்படித்தான் எல்லோரும் படித்திருந்தார்கள்!

போன வாரம் கழித்துப்போட்ட தகடொன்றை, மகளுக்கு வேடிக்கை காட்டலாமென்று கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். "ஐ, ஓட்டை!" என்று குழந்தை குதித்தது. அதைத் தலையணைக்கடியில் வைத்தால்தான் தூங்குவேன் என்று ஒரே அடம்.

"என்னங்க, தாழ்ப்பாளுக்கு பெயின்ட் அடிச்சீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு," கூடத்திலிருந்து கணவன் சொன்னான். "ஆபீஸ் கரியெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர்றது நீதான்."

அவள் விரலால் அழுத்தித் தேய்த்தாள். குழாய்கள் மடிந்து பளபளவென்று ஒரு கோடு விழுந்தது. அப்பாடா என்றிருந்தது. தொட்டால் கெட்டுப்போகிற சமாச்சாரம்தானே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காதருகே முடியை நிமிண்டுவதுபோல் மெல்லிய நறநறப்புக் கேட்டது. வெறும் சட்டி அடுப்பில் காய்கிற வாடை வந்தது. அந்தக் கோடு இரண்டு ஓரங்களிலிருந்தும் மெதுவாக மூடிக்கொண்டது.

சமையலறைக்கு ஓடினாள். கத்தி இல்லை, கத்தி வடிவத்தில் ஓர் ஓட்டை. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மாலை வெளிச்சம் இருந்தது, கம்பிகள் இருந்த இடத்தில் வெறும் கறுப்பு. பிளாஸ்டிக் வாளி அப்படியே இருந்தது. அலுமினியப் பாத்திரமும் அப்படியே. இரும்பு மட்டும். தேடித் தேடி, இரும்பு மட்டும்.

"பாப்பா எங்கங்க?"

"தூங்குறா. டானிக் குடுத்துப் படுக்க வெச்சேன்."

"என்ன டானிக்?"

"மறந்துட்டியா? ரத்தம் கம்மின்னு டாக்டர் எழுதினாரே. இரும்புச்சத்து."



இரும்பு. ரத்தத்தில் இரும்பு.

அறைக்கதவைத் தள்ளினாள். உள்ளே கதகதப்பு. அதே வாடை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூப்போட்ட போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள். இளஞ்சிவப்பு நகங்கள். நல்லவேளை. நல்லவேளை, என் கண்ணே.

போர்வையை விலக்கினாள். மணிக்கட்டில் நூல்போல் ஒரு கறுப்புக் கோடு. முழங்கையில் கிளை பிரிந்தது. கழுத்தில் அடர்ந்தது. அதற்கு மேல் தலைமுடி இருந்தது. காதுகள் இருந்தன. நடுவில் எதுவும் இல்லை.

கன்னம் இருக்க வேண்டிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்தாள். சூடாக இருந்தது. பளபளத்தது. மூடிக்கொண்டது. மறுபடி தேய்த்தாள். மூடிக்கொண்டது.

"அம்மா," அந்தக் கறுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏம்மா லைட்டை அணைச்சே?"

"லைட்டு... இப்ப போட்டுடறேன்டா தங்கம்."

"பயமா இருக்கு. தூக்கு."

இரண்டு கைகளும் அவள் குரலைத் தேடித் துழாவின. தன் உடம்பிலும் ஓடுவது ரத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். தூக்கிக்கொண்டாள். பெற்றவள் வேறென்ன செய்வாள்?

குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தியது. நறநறப்பு இப்போது காதுக்குள் கேட்டது. தலைக்குமேல் எரிந்த விளக்கு, திறந்திருந்த அவள் கண்களுக்கு, ஒரு பக்கத்திலிருந்து இருட்டத் தொடங்கியது.