யாரும் எழுந்து போகாத அரங்கு

மிதுஷா சோற்றுப் பொட்டலத்தோடு சந்துக்குள் திரும்பியபோது மதியத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. நாசி கண்டார் சோற்றுக்கடை வாசலில் வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. அந்தச் சத்தமெல்லாம் சந்துக்குள் கொஞ்ச தூரம்தான் கூட வந்தது. சிங்கார ஹாலின் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்ததும் சுத்தமாக நின்றுபோனது.

உள்ளே குளிர்ந்து கிடந்தது. ஏர்கான் பொருத்த ஆட்கள் இன்னும் வரவில்லை என்று காலையில்தான் அவள் கணவன் ஸ்ரீகரன் சொல்லியிருந்தான்.

ஜப்பான் சண்டைக்கு முந்தின காலத்தில் அந்த ஹாலுக்குப் பினாங்கு முழுக்கப் பேர். ஒரே மேடையில் தமிழ்க் கோமாளி வருவான், மலாய் ரொங்கெங் ஆடிப் பாடுகிறவள் வருவாள், சீன வித்தைக்காரன் தட்டுகளைச் சுழற்றுவான். பாஷை புரியாதவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவான் என்பார்கள். சண்டைக்குப் பிறகு அது சினிமாக் கொட்டகையானது, அப்புறம் வெங்காயக் கிடங்கானது, அப்புறம் வெறுமனே பூட்டிக் கிடந்தது. இப்போது ஒரு கலைச் சங்கம் வாடகைக்கு எடுத்துச் சாயம் பூசி, பழைய மரநாற்காலிகளை மெருகேற்றி, திறப்பு விழாவுக்கு நகைச்சுவை நிகழ்ச்சி வேண்டுமென்று ஸ்ரீகரனைக் கூப்பிட்டிருந்தது.

அந்த அழைப்பு வந்த அன்று மிதுஷா சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். அதற்குப் பல மாதங்களுக்கு முன்னால் கோலாலம்பூர் மேடை ஒன்றில் ஸ்ரீகரன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் எழுந்து போனார்கள். முதலில் ஒருவர், பிறகு ஒரு குடும்பம், பிறகு வரிசை வரிசையாக. யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாம் வீட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. சிரிக்க வைக்கத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதன் அவன்.

இன்று மேடையில் நின்றுகொண்டிருந்தான். மைக் இல்லை, விளக்கு இல்லை. மாமனாரிடம் அவருடைய கெரெத்தாவை, அந்தப் பழைய காரை, இரவல் கேட்கப் போன கதையைக் காலி நாற்காலிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். மிதுஷா பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

கதையின் முடிச்சு அவிழ்ந்தது.

யாரோ சிரித்தார்கள்.

ஒருவர் இல்லை. நிறையப் பேர், வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் முன்வரிசையில் கிளம்பி, அவளைத் தாண்டி, பின்சுவரில் போய் அடங்கியது. அதோடு சேர்ந்து ஒரு வாடை: சுண்ணாம்புத் தூளும், தலையில் வைத்து வாடிய மல்லிகையும்.

"சவுண்டு யாருங்க போடறது?" என்று கேட்டாள்.

"எந்தச் சவுண்டு?" என்றான் ஸ்ரீகரன். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. "இங்க யாரும் எழுந்து போறதில்ல, மிது."

அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. ரெக்கார்டிங் ஏதோ ஓடுகிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். கொண்டுபோன சோற்றை அவன் தொடவே இல்லை என்பது கிளம்பும்போதுதான் தெரிந்தது.

அதன்பிறகு அவன் இளைக்க ஆரம்பித்தான். விடிந்ததும் முதல் ஃபெரியில் போவான், இருட்டிய பிறகு வருவான். குரல் கரகரத்து, பிறகு வெறும் காற்றானது. கன்னம் ஒட்டிப்போனது. தூக்கத்திலும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு வீட்டுக்கு வருவதும் நின்றது. ஹாலிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றான்.

அவனோடு மேடையேற இருந்த யுகேந்திரன் ஒரு காலையில் வீட்டுக்கு வந்தான். எப்போதும் வாய் ஓயாத ஆள். அன்று காப்பியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா, நான் இனிமே அங்க போகமாட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

"என்ன நடந்துச்சி தம்பி?"

"நேத்து அண்ணே இருமுறாரேன்னு நான் மேடைக்குப் போயி ரெண்டு ஜோக் சொன்னேன். ஒரு சத்தமும் இல்ல. சரின்னு எறங்கப் போனேன். முன்வரிசையிலேருந்து யாரோ என் கால்சட்டையைப் புடிச்சி இழுத்தாங்க." அவன் கப்பைக் கீழே வைத்தான். "கையப் பாத்தேன்கா. சின்னக் கை. கைக்குப் பின்னால ஆள் இல்ல."

மிதுஷா அவனை விடவில்லை. ஒரே ஒரு தடவை, அவரைத் தூக்கி வெளியே கொண்டுவர மட்டும் கூட வா என்று கெஞ்சி அழைத்துக்கொண்டு போனாள்.

ஸ்ரீகரன் மேடை விளிம்பில் சரிந்து கிடந்தான். உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யுகேந்திரன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். வந்த இரண்டு ஆட்களும் ஸ்ரீகரனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி வாசலுக்கு உருட்டினார்கள். வாசற்படியைத் தாண்டியதும் பின்னால் அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.

ஸ்ரீகரனின் மூச்சு நின்றது.

நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். உதடு நீலம் பாரித்தது. வெயில் படுகிறதே என்று ஒருவன் ஸ்ட்ரெச்சரை நிழலுக்கு, ஹாலுக்குள் இழுத்தான். இழுத்த மறு நொடி ஸ்ரீகரன் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தான். மறுபடி வெளியே கொண்டுபோனார்கள். மறுபடி நின்றது; மறுபடி உள்ளே இழுத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரையே இங்கே வரச் சொல்கிறோம் என்று ஒருவன் வெளியே போய் போனை எடுத்தான். இன்னொருவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"அவங்க இன்னும் உக்காந்திருக்காங்க மிது," என்றான் ஸ்ரீகரன், காற்றாகிப்போன குரலில். "நான் எப்படிப் போறது?"

யுகேந்திரனை அவன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் ஓடினாள். ஹாலின் சொந்தக்காரர் ஷேக் அலாவுதீன் மெயின் ரோட்டில் மசாலாக் கடை வைத்திருந்தார். கல்லாவில் இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"அங்க என்ன பாய் இருக்கு? என் வீட்டுக்காரர் செத்துக்கிட்டு இருக்காரு. மறைக்காம சொல்லுங்க."

அவர் கடைப் பையன்களை உள்ளே போகச் சொன்னார். தாழ்ந்த குரலில் பேசினார்.

"எங்க தாத்தா வாங்கின ஹாலுமா அது. ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அன்னைக்குப் பகல்ல ஆட்டம் நடந்துச்சாம். சுப்பையான்னு ஒரு கோமாளி. அவரு பாதி கதையில இருக்கும்போது வானத்துல ஏரோப்ளேன் சத்தம். ரோட்டுல எல்லாரும் வேடிக்கை பாக்க ஓடுறாங்க. ஹாலுக்குள்ள இருந்தவங்களும் எழுந்திருக்காங்க. பாதி கதையில ஜனம் எழுந்து போனா அவரு மனசு தாங்குமா? 'அது நம்ம வெள்ளைக்காரன் ப்ளேன்தான், உக்காருங்க. நான் கதையை முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது'ன்னு சொல்லிச் சிரிக்க வச்சாராம். எல்லாரும் சிரிச்சிக்கிட்டே உக்காந்துட்டாங்க."

அவர் கல்லாப் பெட்டியைச் சாத்தினார்.

"கூரை மொத்தமா விழுந்துருச்சிமா. கோமாளியும் போயிட்டாரு. எங்க தாத்தா வெத்தலை வாங்க வெளிய போனதால பொழச்சாரு. கட்டடத்தைத் திருப்பிக் கட்டி சினிமா ஓட்டினோம். அழுகைக் காட்சியில யாரோ சிரிக்கிறாங்கன்னு ஜனம் வரல. மூடிட்டோம். இவ்வளவு வருஷம் ஆச்சே, போயிருப்பாங்கன்னு நெனச்சித்தான் வாடகைக்கு விட்டேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவங்களுக்குக் கதை முடியலமா."

திரும்பி ஓடி வரும்போது மிதுஷாவுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. எந்தக் கதையைச் சொன்னாலும் ஸ்ரீகரனால் சுப்பையா விட்ட கதையை முடிக்க முடியாது. அது அவன் தொடங்கிய கதை இல்லை. ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கடுத்தது என்று அவன் உயிர் இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஹாலில் யுகேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்ரீகரனின் கையைப் பிடித்திருந்தான். மிதுஷா மேடையில் ஏறினாள். அவள் வாழ்நாளில் மேடை ஏறியதில்லை. பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கக்கூட எழுந்து நின்றதில்லை.

காலி நாற்காலிகள். இருட்டு.

அந்த இருட்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"சுப்பையா சொன்னது பொய்," என்றாள். "அது நம்ம ப்ளேன் இல்ல. குண்டு போட வந்த ப்ளேன். கூரை விழுந்துருச்சி. நீங்க எல்லாரும் அன்னைக்கே செத்துட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"கதை முடிஞ்சிருச்சி. இனிமே கதை கிடையாது. எழுந்திரிங்க. வீட்டுக்குப் போங்க. பாலிக் லா, செமுவா பாலிக்," என்று மலாயிலும் சொன்னாள்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு வரிசை முழுக்க. பாரம் இறங்கிய மரம் நிமிரும் சத்தம் பின்சுவர் வரைக்கும் போயிற்று. சுண்ணாம்பு வாடை நெஞ்சை அடைத்தது.

எழுந்துவிட்டார்கள். ஆனால் போகவில்லை.

அவள் முழங்காலுக்குக் கிட்டே, மேடை விளிம்பிலிருந்து, ஒரு பிள்ளையின் குரல் கேட்டது. ரகசியம் பேசுகிற மாதிரி.

"வீடு எங்க இருக்கு?"

அந்த வீடுகளெல்லாம் எந்தக் காலத்திலோ இடிந்து, வேறு கட்டடங்களாகிவிட்டன. கீழே ஸ்ரீகரன் மறுபடி வாயைத் திறந்து அடுத்த கதைக்கு மூச்சு சேர்த்தான். அந்த மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே நின்றது. யுகேந்திரன் "அக்கா" என்றான், அழுகிற குரலில்.

அப்போது அவளுக்கு யோசிக்க நேரமில்லை.

"என் பின்னாடி வாங்க," என்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன். அவரை விட்டுடுங்க. என்கூட வாங்க."

இறங்கிப்போய் ஸ்ரீகரனின் ஒரு தோளைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். மறு தோளை யுகேந்திரன் பிடித்தான். வாசலை நோக்கி நடந்தார்கள். பின்னால் பாதங்கள் தரையில் உரசிக்கொண்டு வந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பாவாடை ஓரத்தைச் சின்னதாக ஏதோ பற்றிக்கொண்டது. அப்போதும் பார்க்கவில்லை.

வாசற்படியைத் தாண்டினார்கள். வெயில் முகத்தில் அடித்தது.

ஸ்ரீகரன் மூச்சு விட்டான். மறுபடி விட்டான். நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தார்கள். நாடியும் சரி, ரத்த அழுத்தமும் சரி. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதற்கு அவன் தலையாட்டி மறுத்துவிட்டான். வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும், பசிக்கிறது என்றான். யுகேந்திரன் வாங்கி வந்த ரொட்டி சானாயை அவன் குழந்தை மாதிரி ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிட்டான். அவள் திரும்பி ஹாலைப் பார்த்தாள். திறந்த கதவுக்குள் வெறும் இருட்டு. அதில் குளிர்ச்சி இல்லை, வாடை இல்லை. போய்விட்டார்கள் என்றே அவள் நம்பினாள்.

அக்கரைக்குப் போகும் சாயங்கால ஃபெரியில் கூட்டமில்லை. ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்ரீகரனைக் கண்ணாடி ஓரமாக உட்கார வைத்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீரில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. அவன் அவள் தோளில் தலைசாய்த்துத் தூங்கிப்போனான். உதடு அசையவில்லை.

ஃபெரி கிளம்பும் நேரத்தில் ஒரு மலாய்க்கார அம்மா காய்கறிப் பையோடு அவசரமாக ஏறி வந்தார். உட்கார இடம் தேடி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு காலி இருக்கையின் முன்னும் குனிந்து, புன்னகைத்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையசைத்துவிட்டு நகர்ந்தார். கடைசியில் மிதுஷாவின் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையைக் கீழே வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

பிறகு மிதுஷாவின் பக்கம் குனிந்து, தூங்குகிறவனை எழுப்பிவிடாத மெல்லிய குரலில், மலாயில் கேட்டார்:

"எல்லாரும் உங்க ஆளுங்களா?"