உங்க ஒட்டுதான் நின்னுச்சு

வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கணவர் அதைத் தொடவே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, புறப்படத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

இன்று தேர்தல். நகர சபையில் இதுநாள் வரை பெரிய வியாபாரிகளுக்குத்தான் இடம். முதல் தடவையாகச் சின்னக் கடைக்காரர்களுக்கென்று ஒரு பிரதிநிதி இடம் ஒதுக்கியிருந்தார்கள். போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருவர் விதைக்கடை வைத்திருக்கும் இவர். இன்னொருவர் எதிர்வரிசைக் கண்ணாடிக்கடைக்காரர்.

"குடிங்க. வெறும் வயித்தோட போகாதீங்க" என்றாள் அவள்.

"குடிக்காதேடா தம்பி!" சமையலறை வாசலிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அதுல என்ன கலந்திருக்காளோ!"

"அண்ணி!"

"என்ன அண்ணி? நேத்து மாடிப்படியில ஒளிஞ்சு நின்னு கண்ணாடிக்காரன்கிட்ட போன்ல என்ன பேசினே? இப்ப உன் புருஷன் முன்னாடி சொல்லு பாப்போம். எனக்கு ஒரு காதுதான் மந்தம். இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு!"

அவளுக்குத் திக்கென்றது. அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாரா?

கணவர் மெல்ல நிமிர்ந்தார். "அக்கா சொல்றது நெஜமா? பேசினியா?"

"பேசினேன். ஆனா..."

"என்ன பேசினே?"

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. தேர்தல் முடியட்டும். நானே சொல்றேன்."

சொல்லக்கூடிய பதில்களிலேயே மோசமானது அதுதான். அவர் முகம் சுருங்கிப்போனது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கடை ரெண்டு பேர் பேர்லயும் இருக்கறதால உனக்கும் ஒரு ஓட்டு இருக்கு. அதை எனக்குப் போட வேண்டாம். நீ அந்தப் பக்கமே வராதே... போதும்."

கதவு சாத்திக்கொண்டது. நாத்தனார் முந்தானையில் மூக்கைச் சிந்தினார். அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அழ நேரமில்லை. செடிகளுக்கு யாருடைய குடும்பச் சண்டையும் தெரியாது.

அவள் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. எலுமிச்சைத் தோட்டங்களை வேரழுகல் நோய் தின்றுகொண்டிருந்தது. நாற்று விற்பவர், பழவண்டிக்காரர், ஜூஸ் கடைக்காரர் என்று எலுமிச்சையை நம்பியிருந்தவர்கள் எல்லோரும் அதோடு சேர்ந்து சரிந்துகொண்டிருந்தார்கள். நோயைத் தாங்கும் வேர்ச்செடி ஒன்றின்மேல் எலுமிச்சையை ஒட்டுக் கட்ட வேண்டும். வேர் ஒன்றுடையது, தலை இன்னொன்றுடையது. அவளுடைய இளமை முழுவதும் இதில்தான் போனது. கணவர் எங்கெங்கோ அலைந்து அவளுக்கு வேர்ச்செடிகள் கொண்டுவந்து கொடுத்தார். அத்தனையும் அழுகின.

அழுகாதது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக் கொல்லையில், சாக்கடை ஓரம் நின்ற காட்டு எலுமிச்சை. ஆனால் அதன் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளின்மேல் எந்த ஒட்டும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பருவமும் கருகி விழுந்தது. கடைசியில் அவள் வழக்கத்தை மாற்றினாள். வேர்ச்செடியின் தலையை வெட்டாமல், அதன் இலைகள் அதனிடமே இருக்கட்டும் என்று விட்டு, பக்கவாட்டில் கீறி ஒட்டினாள். பிடித்துக்கொண்டது. நோய் மண்ணில் நட்டாள். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் நின்றும் ஒன்றுகூட வாடவில்லை.

இதைப் போன வாரக் கூட்டத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். "ஏதாவது வந்ததா?" என்று இயக்குநர் கேட்டபோது, "இன்னும் இல்லை சார்" என்றாள். ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்திருந்தால் செய்தி மறுநாளே கடைத்தெருவுக்குப் போயிருக்கும். யாருடைய மரம் என்று கேட்பார்கள். ஓட்டெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கணவரிடம் சொல்லலாம் என்றால், அவர் வயிற்றில் எதுவும் தங்காது.

நேற்றுக் கண்ணாடிக்கடைக்காரரே போன் செய்து தன் மரத்தைப் பற்றி விசாரித்தார். மரத்துக்காரரிடம் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

மதியம், செடிகள் வளர்க்கும் பசுமைக்கூடாரத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றார். வியர்த்து வழிந்தது. கையில் சாப்பாட்டுப் பை.

"காலையில எடுக்காம வந்துட்டே. நீ என்ன துரோகம் பண்ணினாலும் பட்டினி போட எனக்கு மனசு வரலை." பையை மேசையில் வைத்தார். குரல் உடைந்தது. "உன் கால்ல வேணும்னாலும் விழறேன்மா... அவன் என் கையில வளந்த புள்ளை. இருக்கற ஒரு ஓட்டைப் போயும் போயும் அந்தக் கண்ணாடிக்காரனுக்கா போடுவே?"

"நான் யாருக்கு அண்ணி போடறேன்னு சொன்னேன்?"

"நடிக்காதே! 'உங்க ஓட்டுதான் நின்னுச்சு, எங்க வீட்டுக்காரரோடதெல்லாம் போச்சு. தேர்தல் முடியற வரைக்கும் யார்கிட்டேயும் சொல்லாதீங்க.' நீ சொன்னியா, இல்லையா?"

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. தொண்டைக்கு வருவதற்குள் அது அழுகையாகிவிட்டது.

"ஓட்டு இல்ல அண்ணி... ஒட்டு! ஒட்டு!"

நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்து, ஒரு செடித் தண்டில் இரண்டும் கூடிப் புடைத்திருந்த இடத்தில் அவர் விரலை வைத்தாள். நாத்தனார் தடவிப் பார்த்தார். செடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அடப்பாவி... ஒரு எழுத்து காலை நீட்டினதுக்கு ஒரு குடும்பம் பொசுங்கப் பாத்துச்சே!"

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உதவியாளப் பெண் குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "இவங்க போன வாரம் கூட்டத்துல இதைச் சொல்லவே இல்லைங்க. மாசக் கடைசில எல்லாத்தையும் காலி பண்ணணுமாம். நான் கேட்டா, 'வீட்டுக்காரர் ஜெயிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'ங்கறாங்க."

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார். "இதுக்கா நான் உன் புள்ளைங்களை இடுப்புல தூக்கிக்கிட்டுக் கடையையும் பாத்தேன்? நீ படிச்சுப் பெரிய ஆளா வரணும்னுதானேடி... இப்படி மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியே!" அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "என் நாக்கை அறுக்கணும். வா, கிளம்பு. அவன்கிட்ட நான் சொல்றேன்."

"வேண்டாம் அண்ணி. சொன்னா அவர் சும்மா இருக்க மாட்டார்."

"தெரியும். அதுக்காக உன்னைத் துரோகின்னு நெனச்சுக்கிட்டே அவன் சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமா?"

வாக்குப்பதிவு ஒரு பள்ளிக்கூடத்தில். கணவர் வெளிவாசலுக்கு அப்பால் மரத்தடியில் நின்றிருந்தார். நாத்தனாருக்குக் காதுக்குள் மெதுவாகப் பேச வராது. எல்லாவற்றையும் உரக்கவே சொல்லி முடித்தார்.

அவர் மனைவியைப் பார்த்தார். "போன வாரமே தெரியுமா?"

"தெரியும்."

"எனக்காக மறைச்சே."

அவர் கண்கள் கலங்கின. அழுவார் என்று நினைத்தாள். அவரோ பக்கத்திலிருந்த பெஞ்சின்மேல் ஏறினார்.

"என்னங்க... வேண்டாம்! பாதிப் பேர் இன்னும் போடலை!"

"நாத்துக்காரன் எந்த நாத்தை நடறதுன்னு தெரியாம நிக்கிறான். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு ஜெயிச்சா, நான் எவனுக்குப் பிரதிநிதி?" என்றார் அவளிடம். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க! வேரழுகலுக்கு வழி கிடைச்சாச்சு. கண்டுபிடிச்சது என் சம்சாரம். வேர் கொடுத்த மரம் கண்ணாடிக்கடைக்காரரோடது!"

வரிசையில் நின்ற ஜூஸ் கடைக்காரர் கேட்டார்: "அப்ப உங்களுக்கு எதுக்குங்க ஓட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள்.

அவர் தோற்றார். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனாலும் தோல்வி தோல்விதான். கண்ணாடிக்கடைக்காரர் வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிறகு அவளிடம், "நாளைக்கு உங்க இயக்குநரை நாங்க ரெண்டு பேரும் வந்து பாக்கறோம்மா. அந்தக் கூடாரத்துல யாரும் கைவைக்கக் கூடாது" என்றார்.

வீடு திரும்பும்போது நாத்தனார் வேண்டுமென்றே முன்னால் வேகமாக நடந்தார். இவர்கள் பின்தங்கினார்கள்.

"காலையில நான் பேசினது..."

"விடுங்க."

"விட முடியலை." அவர் நின்றுவிட்டார். "உன்னைப் போய் வராதேன்னு சொல்லிட்டேனே... என்னை மன்னிச்சிரு." தெருவென்றும் பார்க்காமல் குலுங்கி அழுதார். அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

சிறிது தூரம் போனதும் அவர் தயங்கிக் கேட்டார். "நீ... யாருக்குப் போட்டே?"

"உங்களுக்குத்தான்."

"வீணாப் போச்சே."

"இல்லைங்க. காலையில போட்டிருந்தா புருஷன்னு போட்டிருப்பேன். மத்தியானம் உங்க பேச்சைக் கேட்டுட்டு, இந்த ஆள் நமக்காகப் பேசுவார்னு நம்பிப் போட்டேன்."