லெம்பாத்தா ஓரத்தில் நின்ற படகு

குனாதி எறிந்த இளநீர்க் கூடு நீரோட்டத்தில் ஆடி ஆடி வடக்கே போய் மறைந்துவிட்டது. படகு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதைக் கவனித்தவள் படகுக்காரி லிட்வினா ஒருத்திதான். நங்கூரம் முன்தளத்தில் காய்ந்து கிடந்தது. இறக்கினாலும் அடி எட்டாத ஆழம் அது. பாயைச் சுருட்டி, என்ஜினையும் அணைத்துப் போட்டிருந்தார்கள். இந்த ஓட்டத்தில் அப்படி விட்ட எந்தப் படகையும் கடல் இதற்குள் மலைமுனையைத் தாண்டி இழுத்துப் போயிருக்கும்.

விருந்தாளிகளிடம் இன்னொரு குறையைச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. சுரபாயாவிலிருந்து வந்த குனாதியும், அவர் மனைவி ராத்தியும், ராத்தியின் அண்ணன் விஸ்னுவும் லாரந்துக்கா துறைமுகத்தில் ஏறியதே திமிங்கிலம் பார்க்கத்தான். திமிங்கிலம் இருக்கட்டும், புறப்பட்ட நாளிலிருந்து ஒரு டால்பின்கூடத் தலைகாட்டவில்லை.

"ஏம்மா லிட்வினா," குனாதி பாய்மரத்தடியில் சாய்ந்துகொண்டே சொன்னார், "எங்க வீட்டுல மீன்தொட்டி ஒண்ணு இருக்கு. அதுல இதைவிட ஜாஸ்தி அசையும்."

விஸ்னு சிரித்தார்.

"சும்மா இருங்களேன்," என்றாள் ராத்தி. "அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? கடலோட காலுலயா விழும்?"

பரிந்து பேசியதுதான் அதிகம் எரிந்தது. லிட்வினா பல்லைக் கடித்துக்கொண்டு லெம்பாத்தா தீவின் கரையைப் பார்த்தாள். டீசல் நெடியும் காலையில் பொரித்த மீனின் வாடையும் காற்றில்லாமல் தளத்தின் மேலேயே தேங்கி நின்றன. கறுத்த பாறைகளில் அலை ஏறி வெள்ளையாக உடைந்து வழிவதை நன்றாகப் பார்க்க முடிந்தது, ஆனால் அதன் சத்தம் மட்டும் இங்கே வந்து சேரவில்லை.

"கோபுஸ் மாமா, கிளம்புங்க. அடுத்த குடாவுல பாக்கலாம்."

சுக்கானைப் பிடித்திருந்த கோபுஸ் என்ஜினை உயிர்ப்பித்தார். கரும்புகை எழுந்தது, பின்புறத் தண்ணீர் வெண்மையாகக் கொதித்தது. படகு அசையவில்லை. அவர் இன்னும் முடுக்கினார். பலகைகள் நடுங்கின.

"ஓடுது," என்றார் கோபுஸ். "ஆனா போவல."

"பழைய வலை எதுனா என்ஜின் விசிறியில சுத்தியிருக்கும்," என்றான் பிளாசியுஸ். லிட்வினாவின் கணவன், படகில் பாயும் கயிறும் அவன் பாடு. என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, இடுப்பில் கத்தியைச் செருகி, நீர்க்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மேலே வந்தபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு. உதட்டில் விரல் வைத்தான்.

"சத்தம் போடாதீங்க. கீழ நிக்குதுங்க."

"எது?"

"திமிங்கிலம். பெரிய தலைக்காரங்க. தூண் நட்ட மாதிரி நேரா நின்னு தூங்குதுங்க."

அவை அப்படித் தூங்கும் என்று லிட்வினா கேள்விப்பட்டதுண்டு, பார்த்ததில்லை. குனாதியின் கையில் கண்ணாடியையும் மூச்சு விடும் குழாயையும் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"தொடாதீங்க சார். ஏணி பக்கத்துலயே இருங்க. உங்க தொட்டியில இதெல்லாம் இருக்காது."

விருந்தாளிகள் மூவரும் ஆளுக்கொரு குழாயோடு இறங்கி முகம் கவிழ்த்து மிதந்தார்கள்.

"வலை என்னாச்சு?" என்று கணவனைக் கேட்டாள்.

"வலையே இல்ல. விசிறி சுத்தமா இருக்கு. இரு, இன்னொரு தடவை பாத்துட்டு வரேன்."

அவன் முங்கினான். குழாய்களின் வழியே மூன்று பேரும் மூச்சு வாங்குவது கேட்டது, முன்னும் பின்னுமாக. பிறகு ஒன்றாக. ஒரே இழுப்பு, ஒரே விடுப்பு. அது மெல்ல மெல்ல நீண்டது.

குனாதியின் கால்கள் தாழ்ந்தன. உடம்பு மெதுவாக நிமிர்ந்தது. குழாயின் நுனி ஒரு குமிழிகூட விடாமல் உள்ளே போயிற்று.

"சார்?"

அடுத்து ராத்தி. அதேபோல விஸ்னு.

"பிளாஸ்! மேல வா!"

பலகையைக் காலால் உதைத்தாள். மறுபடி உதைத்தாள். கீழே கேட்டிருக்கும், கேட்காமல் இராது.

"மாமா, கயிறு போடுங்க."

கோபுஸ் சுக்கானை விட்டு நடந்து வந்தார். கயிற்றைத் தாண்டினார். அவளையும் தாண்டினார். வீட்டுப் படியில் இறங்குகிறவரைப் போல விளிம்பிலிருந்து காலை எடுத்து வைத்தார். தண்ணீர் தெறிக்கவில்லை.

லிட்வினா ஏணியைப் பிடித்துக் குப்புறப் படுத்து முகத்தை உள்ளே விட்டாள்.

உப்பு எரிந்தது. அப்புறம் தெரிந்தது. வெயில் கம்பிகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தூண்கள், மூடிய சின்னக் கண்களுடன். அவற்றுக்கு இடையே குனாதி. ராத்தி. விஸ்னு. கோபுஸ். கைகள் தொங்க, நேராக, கண் மூடி. அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். கைலி கட்டியவர்கள். தேவாலய உடுப்பு போட்டவர்கள். வெளுத்துப்போன மிதவைச் சட்டைக்காரர்கள். வரிசை வரிசையாக. யாரும் அழுகியிருக்கவில்லை.

முகத்தை இழுத்துக்கொண்டாள். இருமினாள்.

ஏணியருகே ஓர் உச்சந்தலை எழும்பியது. பிளாசியுஸ். தண்ணீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது.

"ஏறு," என்றாள். "பிளாஸ், ஏறு."

முடியைப் பிடித்து இழுத்தாள். தரையில் அடித்த முளை மாதிரி இருந்தான். இரண்டு கையாலும் இழுத்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஏறுடா. ஒரு தடவையாவது சொன்னதைக் கேளுடா." கைநிறைய முடி வந்தது. அவன் வரவில்லை.

கண்களைத் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தைப் பார்த்தான்.

கொஞ்சம் தள்ளி இன்னொரு உச்சந்தலை. அதற்கப்பால் இன்னொன்று. படகைச் சுற்றிலும். கறுப்பு, நரை, சடை பின்னியது, குழந்தையுடையது. கரைப் பாறைகள் வரைக்கும் கடல் முழுவதும் தலைகள், தோள் உரச, அசையாமல்.

பிளாசியுஸின் அருகில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.