ஐம்பத்திரண்டாவது காப்பி

“செத்துப்போனவள வாரத்துக்கு ஒரு அடி நடக்க வைக்கிற கம்ப்யூட்டர், இந்த உலகத்துலயே என் ஒருத்தன்கிட்டதாண்டா இருக்கு” என்று கிளாரன்ஸ் மார்தட்டியபோது, மைத்துனன் க்ளென் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

செத்துப்போனவள் கிளாரன்ஸின் மனைவி மௌரீன், க்ளெனுக்கு ஒரே அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, திறந்த கதவுக்கு வெளியே நின்றிருந்தவளை ஹாலிலிருந்து கிளாரன்ஸ் எடுத்த போட்டோதான் கடைசி. அது தொலைந்துவிடக் கூடாதென்று, வியாழன்தோறும் விவேக் நகர் கோயிலில் நவநாள் ஜெபத்துக்குக் கிளம்பும் முன், ஃபோல்டரையே அவர் காப்பி எடுத்துவிடுவார், அதே கம்ப்யூட்டரில்தான். ஐம்பத்திரண்டு வியாழன், ஐம்பத்திரண்டு காப்பி. ஹார்ட் டிஸ்க் பண்டிகைக்கு முந்தைய நாள் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் மாதிரி பிதுங்கியது. அதைக் காலி செய்துகொடுக்கத்தான் க்ளென் வந்திருந்தான்.

“எல்லாம் ஒண்ணுதான் மாமா. சாஃப்ட்வேர் பைட் பைட்டா பாத்துச் சொல்லுது.”

“ஒவ்வொண்ணா தொறந்து பாருடா.”

“ஒரே படத்த அம்பது தடவ பாக்க நான் என்ன லூசா?”

க்ளென் ஜாக்கிரதைக்காரன், எதையும் சட்டென்று அழிக்க மாட்டான். கடைசி காப்பியை மட்டும் விட்டுவிட்டு, மூலத்தையும் மற்ற ஐம்பத்தொன்றையும் பென் டிரைவுக்கு நகர்த்தினான். ஒரு மாதம் ஒதுக்கி வைத்து, குறையில்லை என்றால் அப்புறம் அழித்துக்கொள்ளலாம். கிளாரன்ஸ் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, க்ளெனை உள்ளே விட்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டுக் கோயிலுக்கு நடந்தார்.

நாலு மணி மழை. மெழுகுவர்த்திக் கடைக்காரியின் கூவலும், ஆட்டோ ஹாரன்களும், கோயில் ஒலிபெருக்கியின் பாட்டும், தகரக் கூரையில் கொட்டும் தண்ணீரின் இரைச்சலும் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தவை, யாரோ துணி போட்டு மூடியதுபோல ஒரே நொடியில் நின்றுபோயின. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல்.

நீலகிரித் தைலம் மணத்தது. படுக்கையில் கிடந்த நாட்களில் அக்கா தேய்த்துக்கொண்டது என்று கிளாரன்ஸ் சொல்லித்தான் க்ளெனுக்குத் தெரியும். ஒரு தடவைகூட அவன் பார்க்க வரவில்லை. ஊர்க்கோடி ஹெப்பகோடியிலிருந்து வர டிராஃபிக் என்று ஃபோனிலேயே நழுவியிருந்தான்.

மிஞ்சியிருந்த படம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தான்.

வாசலில் அக்கா இல்லை. கதவு உள்ளே தாழ் போடப்பட்டிருந்தது. அவள் ஹாலுக்குள் நின்றாள், கம்ப்யூட்டர் நாற்காலிக்குப் பின்னால்.

அவன் திரும்பவில்லை. கண்ணை மட்டும் கதவின் பக்கம் திருப்பினான்.

தாழ் விழுந்திருந்தது.

ஓடிப்போய் இழுத்தான். அசையவில்லை. தாழ்ப்பாளில் விரல் வழுக்கியது, கண்ணாடி மேல் வழுக்குவதுபோல. ஜன்னல் கம்பியும் அப்படித்தான். ஃபோனை எடுத்தான்.

“மாமா, சீக்கிரம் வாங்க. கதவு தொறக்கல.”

“எத்தனாவது காப்பிய வெச்சே?”

“கடைசி.”

கோயில் பாட்டை மீறிக் கத்தினார் கிளாரன்ஸ். “அடப்பாவி. முதல்ல வெளிய நின்னாடா. வாராவாரம் ஒரு அடி உள்ள வந்தா. போன வாரந்தான் தாழ் போட்டா.”

“பென் டிரைவோட வாங்க மாமா!”

நாற்காலியில் வந்து விழுந்தான். மணம் நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

ஃபோனில் மூச்சிரைப்பு. “வந்துட்டேன். கதவு தொறந்துதானே இருக்கு? நீ எங்கடா?”

“நாற்காலியிலதான் இருக்கேன்!”

“நாற்காலி காலியா இருக்கு.”

அறையில் கிளாரன்ஸ் இல்லை. மௌஸ் சொடுக்குகிற சத்தம் ஃபோனுக்குள் மட்டும் கேட்டது.

“முதல் காப்பிய போடுங்க மாமா. கதவு தொறந்திருக்கிறத.”

சொடுக்கு. சொடுக்கு. சொடுக்கு.

“மாமா?”

“நீ சொன்னது சரிதாண்டா” என்றார் கிளாரன்ஸ். “இப்ப எல்லாம் ஒண்ணுதான். அம்பத்திரண்டுலயும் தாழ் போட்டிருக்கு. அம்பத்திரண்டுலயும் நீ உக்காந்திருக்கே.”

க்ளெனின் தோளில் ஒரு தலை சாய்ந்தது. கனமாக. எண்ணெய்ப் பிசுக்கோடு.

“மாமா, நீங்க சொன்னது நெசந்தான். அக்கா நடந்து வந்திருச்சு.”